கடலுக்குக் கோடி எங்கே வைப்பது?

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதம். திருவொற்றியூர்ப் பக்கம் வீடு வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கும் சித்தி மகன், “கடல் ஏறுது, கடல் ஏறுதுன்னு சும்மா பயமுறுத்துறாங்க. நம்ம ஏரிக்கரை மாதிரி நீளமா ஒண்ணு போட்டுட்டா தீர்ந்துபோச்சு” என்றான். கல்லூரியில் படிக்கும் அவன் தங்கை விடவில்லை. “கரையெல்லாம் எதுக்கு? அலையாத்தி மரம் நட்டாப் போதும். சுனாமியையே நிறுத்தின மரம் அது” என்றாள். காவேரிப்பாக்கம் பக்கத்தில் பொதுப்பணித் துறை லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா அதுவரை கரும்பு சீவிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஏரிக்கரைன்னா கோடி வேணுமே. கடலுக்குக் கோடி எங்கடா வைப்பே?” என்று கேட்டார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. லஸ்கர் என்றால் ஏரி மதகைத் திறந்து மூடி, கரையைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்ளும் ஊழியர். கோடி என்றால் ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்துபோக விட்டிருக்கும் இடம்; கலங்கல் என்றும் சொல்வார்கள்.

வேலூர்க்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். நியாயம்தான். நம் ஊர் கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. உலகத்துப் பனி மொத்தமும் உருகினாலும் கடல் 70 மீட்டர் வாக்கில்தான் உயரும். காட்பாடி ரயில் நிலையத்துக்கு அலை வரப்போவதில்லை. ஆனால் மண்கரைக்குப் பின்னால் குடியிருப்பது என்றால் என்ன என்பது வடஆர்க்காட்டுக்காரனுக்குத் தெரிந்த அளவுக்குக் கடலோரத்தில் பலருக்குத் தெரியாது. அதனால் ஏரியிலிருந்தே ஆரம்பிப்போம்.

கடல் ஏன் ஏறுகிறது?

கழுத்துவரை நிரப்பிய அண்டாவை அடுப்பில் ஏற்றினால், கொதி வருவதற்கு முன்பே ஓரத்தில் கொஞ்சம் வழியும். தண்ணீர் சூடானால் பருமன் கூடும். கடலும் அப்படித்தான் உப்புகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது, பனி. இங்கே ஒரு குழப்பம் உண்டு. எலுமிச்சை ஜூஸில் மிதக்கும் ஐஸ் கட்டி கரைந்தாலும் டம்ளரில் மட்டம் ஏறாது. கடலில் ஏற்கெனவே மிதக்கும் பனிக்கும் ஏறக்குறைய அதே கதைதான். நிலத்தின் மேல் கிடக்கும் பனி வேறு. கிரீன்லாந்து, அண்டார்க்டிகா, இமயமலை போன்ற இடங்களில் உள்ளது உருகி ஓடிவந்தால், அது டம்ளரில் வெளியிலிருந்து புதிதாகத் தண்ணீர் ஊற்றுவது.

1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்கும் 2018க்கும் இடையில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். 2100 வாக்கில், நாம் எவ்வளவு கரி எரிக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 30 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை என்பது ஐநாவின் பருவநிலைக் குழு 2021இல் சொன்ன கணக்கு.

மூன்றாவது காரணம் கடலில் இல்லை, தரையில் இருக்கிறது. வண்டல் மண்ணின் மேல் கட்டிய ஊர்களில் நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச நிலம் அமுங்கும். இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் வடபகுதி அப்படித்தான் தாழ்ந்துகொண்டே போகிறது. (நாமும் ஆயிரம் அடிக்கு போர் போடுகிறோம், நமக்குக் கீழே இருப்பது பாறை என்பதால் நிலம் அப்படி இறங்குவதில்லை. நீர்தான் இறங்குகிறது.) கடல் ஏறுவதையும் நிலம் இறங்குவதையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்குச் சார்புக் கடல்மட்டம் என்று பெயர். ஒரு ஊருக்கு உண்மையில் முக்கியமானது இந்தக் கணக்குதான்.

சரி, ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்றால் இரண்டு பத்து ரூபாய் நாணயத்தை அடுக்கிவைத்த தடிமன் அளவுதான். இதற்கா இவ்வளவு பேச்சு? ஊரை மூழ்கடிப்பது அந்த மில்லிமீட்டர்கள் இல்லை, புயல். புயல் வரும்போது காற்றழுத்தம் குறைந்து கடல் சற்று உப்பும். அதைவிடப் பெரிதாக, காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டுவந்து கரையோரம் குவிக்கும். கடல் மொத்தமாக எழும்பிச் சில மணி நேரம் அப்படியே நிற்கும் இந்த நிலைக்குப் புயலேற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியது இதுதான். வேலூரில் நமக்குப் புயல் என்றால் மழையும் பள்ளிக்கூட விடுமுறையும். கடலோரத்தில் புயல் என்றால் தண்ணீரின் மட்டமே மாறிவிடுவது. கடல்மட்ட உயர்வு, சுவரேறிக் குதிக்க வருகிறவனுக்கு அடியில் ஒரு முக்காலியைப் போட்டுக் கொடுக்கிறது. நேற்றுவரை எட்டாத சுவர் இன்று எட்டும்.

இதுவரை சொன்னதில் மனதில் வைக்க வேண்டியது: கடல் மெதுவாக ஏறுகிறது, சில இடங்களில் நிலமும் இறங்குகிறது. அடி விழுவது புயல் நாளில். அந்த நாளில் வருவது இரண்டு: உயர்ந்து நிற்கும் நீர்மட்டம், அதன் மேல் வந்து மோதும் அலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம்.

கரை எப்படி நிற்கிறது, எப்படி விழுகிறது?

கடலோரத் தடுப்புக்கரை என்பது பெரும்பாலும் மண்மேடுதான். நீரை எளிதில் விடாத களிமண்ணை அழுத்தி, இருபுறமும் சரிவு விட்டு, அலை அடிக்கும் பக்கம் கல் பதித்தோ புல் வளர்த்தோ எழுப்புவார்கள். நம் ஏரிக்கரையைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை.

கரை தண்ணீரை நிறுத்துவது அதன் எடையாலும் அகலத்தாலும். உயரம் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் ஏரி உடையும்போது தண்ணீர் மேலே வழிந்துதான் உடைய வேண்டும் என்பதில்லை. பெரியப்பா சொல்வார்: மழைக்காலத்தில் கரையின் வெளிப்பக்க அடியில் ஊற்று கண்டால், முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் நிறம். தெளிந்த நீர் கசிந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணே உள்ளிருந்து அரித்து வெளியேறுகிறது. அப்போதே மணல் மூட்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும். எலி வளையும் நண்டு வளையும் போதும், இந்த அரிப்பு தொடங்க.

வேலூர்க் கோட்டை இதற்கு நல்ல பாடம். அந்த மதிலின் தடிமனைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. 2021 நவம்பர் மழையில் அகழி நிரம்பியபோது, அத்தனை மதிலுக்கும் உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் தண்ணீர் புகுந்து நின்றது. தண்ணீர் மதிலோடு சண்டைக்கு வரவில்லை. தன் மட்டத்தைத் தேடிக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 2005 ஆகஸ்டில் காட்ரீனா புயல் வந்தபோதும் இதன் பெரிய வடிவம் நடந்தது. கால்வாய்க் கரைகளில் நின்ற சில தடுப்புச் சுவர்கள், தண்ணீர் உச்சியைத் தொடுவதற்கு முன்பே அடிமண் நழுவிச் சாய்ந்தன. நகரத்தில் சுமார் 80 சதவீதம் நீருக்குள் போனது.

“அப்போ இன்னும் உயரமா, இன்னும் பலமா கட்டலாமே” என்று சித்தி மகன் கேட்டான். கட்டலாம். அதற்கு என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலே 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், இருபுறமும் ஒன்றுக்கு மூன்று என்ற சரிவு உள்ள கரையின் அடி அகலம் 21 மீட்டர். ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 36 கனமீட்டர் மண் வேண்டும். இதையே 4 மீட்டராக உயர்த்தினால் அடி அகலம் 27 மீட்டர், மண் 60 கனமீட்டர். உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடியது; மண் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிட்டது. அந்தக் கூடுதல் 6 மீட்டர் அகலத்துக்கு யார் வீட்டை இடிப்பது? கடல் ஏற ஏற இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

இப்போது பெரியப்பாவின் கேள்வி. ஏரியில் தண்ணீரின் அளவுக்கு ஒரு முடிவு உண்டு. நிறைந்தால் கோடி போகும், கரை பிழைக்கும். ஒரு ஏரியின் கோடித் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போய்ச் சேரும்படி நம் முன்னோர்கள் சங்கிலியாக அமைத்திருக்கிறார்கள். கடலோ ஏரிகளின் வரிசையில் கடைசி. அதிலிருந்து வழிய விட வேறு இடம் கிடையாது. அதனால் கடலோரக் கரையைக் கட்டுகிறவர், வரக்கூடிய உச்ச மட்டத்தை முன்கூட்டியே ஊகித்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, ‘இதற்கு மேல் வராது’ என்று பந்தயம் கட்டுகிறார். நெதர்லாந்து 1953 பிப்ரவரியில் அந்தப் பந்தயத்தில் தோற்றது. வடகடல் பொங்கிக் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள்.

கோடி இல்லாததன் இன்னொரு முகம் உள்ளே இருக்கிறது. கடலைத் தடுக்கும் கரை, ஊருக்குள் பெய்யும் மழையையும் தடுக்கும். வெளியே கடல் உயர்ந்து நிற்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் தானாக வடியாது. மதகு வைக்கலாம், ஆனால் கடல் இறங்கினால்தான் மதகைத் திறக்க முடியும். இல்லாவிட்டால் இரவும் பகலும் பம்புசெட் ஓட வேண்டும், புயல் நாளில், கரண்ட் போகாமல்.

சுருக்கமாக: கரை நீர்மட்டத்தையே நிறுத்தும், அந்த வேலையை வேறு எதுவும் இவ்வளவு உறுதியாகச் செய்யாது. ஆனால் உயர்த்த உயர்த்தச் செலவும் அகலமும் வேகமாகக் கூடும், அடியில் அரிக்கும், உள்ளே விழும் மழைக்குத் தனியாக வழி செய்ய வேண்டும்.

கரைக்கு உள்ளே நிலம் இறங்கும்

இது பலருக்கும் தெரியாத, எனக்கு மிகவும் வியப்பைத் தந்த பகுதி.

கழிமுகத்து நிலம் என்பது ஆறு காலம்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலும், மக்காமல் சேர்ந்த செடிகொடியும். வண்டல் என்றால் ஆற்று வெள்ளத்தைக் கலங்கலாக்கும் அந்த மென்மையான மண், மணலைவிட நுண்ணியது. ஈரமாக இருக்கும்வரை இந்த நிலம் உப்பிய இட்லி மாவு போல இருக்கும். கரை கட்டி, உள்ளே இருக்கும் நீரை இறைத்து, வயலும் வீடுமாக மாற்றினால் அது உலர்ந்து சுருங்கும். காற்றுப் பட்டதும் அதிலிருக்கும் செடிச்சத்து மக்கிக் கரைந்து போகும். புதிதாக வண்டலும் வராது, ஏனென்றால் வெள்ளத்தைத்தான் கரை நிறுத்திவிட்டதே. ஆகவே நிலம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். நெதர்லாந்தின் கால்பங்கு நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. அவர்கள் கடலுக்கு அடியில் போய்க் குடியேறவில்லை. குடியேறிய நிலம்தான் அவர்களோடு சேர்ந்து கீழே போனது.

கரைக்கு வெளியே விட்டுவைத்த சதுப்போ ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் மண் வாங்கிக்கொண்டு மேலே ஏறும். கரையின் இரண்டு பக்கமும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

இதன் பெரிய விலையை அமெரிக்காவின் லூசியானா மாநிலம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. மிசிசிப்பி ஆற்றின் இருபுறமும் வெள்ளத் தடுப்புக்கரை போட்டார்கள். ஊர்கள் வெள்ளத்திலிருந்து தப்பின. ஆற்றின் வண்டல் சதுப்புகளுக்குப் போகாமல் நேராக ஆழ்கடலில் போய் விழுந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்களும் சேர்ந்துகொள்ள, 1932க்குப் பிறகு சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் நிலம் கடலாகிவிட்டது. பிரிப்பதற்கு முன் இருந்த நம் பழைய வேலூர் மாவட்டம் முழுவதும் 6,000 சதுர கிலோமீட்டர் வாக்கில்தான். அதில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீருக்குள் போனதாக எண்ணிப் பாருங்கள்.

சதுப்பு என்ன செய்கிறது?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சதுப்பு என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குச் சதுப்பேரி ஞாபகம் வரும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பள்ளிக்கரணை. சதுப்பேரி மழைநீர் ஏரி. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த பள்ளிக்கரணை, முக்கியமாகத் தென்சென்னையின் மழைவெள்ளத்தை வாங்கி வைக்கும் பாத்திரம். அது நிறைய வேலை செய்கிறது, ஆனால் கடல் அலையை உடைப்பது அதன் வேலை இல்லை. இங்கே நான் சொல்வது ஓதச் சதுப்பு. கடல் நாள்தோறும் ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர். அந்த ஓதம் ஏறும்போது நனைந்து, இறங்கும்போது வெளியே தெரியும் சேற்று நிலம் அது. குளிர்நாடுகளில் அதில் புல் வளரும். நம் பக்கம் உமரி போன்ற உப்புச் செடிகளும், சுரபுன்னை முதலான அலையாத்தி மரங்களும் வளரும்.

திருடன் தார் ரோட்டில் ஓடினால் பிடிக்க முடியாது. கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினால் நூறு அடியில் மூச்சு வாங்கும். அலைக்கும் சதுப்பு அப்படித்தான். ஒவ்வொரு தண்டும், ஒவ்வொரு வேரும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேகத்தைத் தின்னும். அடித்தளம் மேடாக இருப்பதாலும் அலை முன்கூட்டியே உடையும். ஜெர்மனியின் ஹானோவரில் 300 மீட்டர் நீளமுள்ள அலைத்தொட்டியில் உண்மையான சதுப்பு மண்ணையும் புல்லையும் பெயர்த்து வைத்து, புயல் அலையை உண்டாக்கிப் பார்த்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. 40 மீட்டர் அகலச் சதுப்பைக் கடப்பதற்குள் அலையின் உயரம் 20 சதவீதம் வரை குறைந்தது. அந்தக் குறைவில் 60 சதவீதம் செடிகளால் கிடைத்தது. புல் மடங்கிச் சாய்ந்த பிறகும் அடிமண் அரிக்காமல் நின்றது இன்னும் முக்கியம்.

இது அலை பற்றிய கணக்கு. நீர்மட்டம் வேறு கதை. மணிக்கணக்கில் உயர்ந்து நிற்கும் புயலேற்றத்தை 40 மீட்டர் புல் ஒன்றும் செய்யாது. தண்ணீர் புல்லுக்கு இடையே புகுந்து நிரம்பிவிடும். அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் 1963இல் லூசியானாப் புயல்களை வைத்துச் சொன்ன ஒரு தோராயக் கணக்கு உண்டு: 14.5 கிலோமீட்டர் சதுப்புக்கு 1 மீட்டர் ஏற்றம் குறையும். இதை எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது என்று பிற்பாடு நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். புயல் வேகமாகக் கடந்தால் அதிகமும், நின்று அடித்தால் குறைவாகவும் பலன் கிடைக்கும். ஆனால் அளவு புரிகிறதல்லவா? அலைக்கு மீட்டர் கணக்கில் அகலம், மட்டத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில்.

தங்கை சொன்ன சுனாமி விஷயம்? 2004க்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வுகள், பிச்சாவரம் போன்ற மரக்கூட்டங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று காட்டின. வேறு ஆய்வாளர்கள் அந்தத் தரவுகளையே எடுத்துப் பார்த்து, அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்ததை எடுத்துக்காட்டினார்கள். மரம் உதவவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை. ‘மரம் சுனாமியை நிறுத்தியது’ என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது, அவ்வளவே. அந்த ஒரு வரியை நம்பி, அலையாத்திக்குப் பின்னால் தாழ்ந்த இடத்தில் வீடு கட்டுவதுதான் ஆபத்து.

அப்படியானால் சதுப்பின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது? அது வளரும் என்பதில். ஓதத்தோடு கலங்கல் நீர் உள்ளே வருகிறது. தண்டுகளுக்கு இடையே வேகம் குறைகிறது. வேகம் குறைந்த நீர் வண்டலைக் கீழே விடுகிறது. உதிர்ந்த இலையும் இறந்த வேரும் அதோடு சேர்கின்றன. போதுமான வண்டல் கிடைத்தால் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயரும், அதாவது கடல் ஏறும் வேகத்துக்கே. கரைக்கு ஒவ்வொரு முறையும் டெண்டர் விட வேண்டும். சதுப்புக்கு மண்ணும் இடமும் விட்டால் போதும்.

கரையும் சதுப்பும் சேர்ந்தால்

கரையின் உயரம் எதற்காக? ஒரு பகுதி நிற்கும் நீர்மட்டத்துக்காக, ஒரு பகுதி அதன் மேல் எகிறும் அலைக்காக. முன்னால் ஒரு சதுப்பு இருந்து அலையைத் தேய்த்து அனுப்பினால், பின்னால் இருக்கும் கரை அந்த இரண்டாவது பகுதியை மிச்சப்படுத்தலாம். அடி அரிப்பும் குறையும். காவேரிப்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரியில் காற்றடிக்கும் காலத்தில் எந்தப் பக்கக் கரையில் அலை மோதி அரிக்கும், கோரை மண்டிய பக்கம் எப்படித் தப்பிக்கும் என்று பெரியப்பாவுக்கு நன்றாகத் தெரியும். நான் இதைச் சொன்னபோது, “இதுக்கு எதுக்குடா ஜெர்மனி?” என்றார்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இதையே இன்னும் ஒரு படி எடுத்துப்போகிறார்கள். செங்குத்தாக எழும் கரைக்குப் பதில், கடல் பக்கம் மிக மெல்லிய, நீண்ட சரிவாக மண் போட்டு, அதில் புல்லும் சதுப்பும் வளர விடுகிறார்கள். இதற்குப் படுகைக் கரை என்று பெயர் சொல்லலாம். கடல் ஏறினால் சதுப்பு அந்தச் சரிவிலேயே மெல்ல மேலே நகர்ந்துகொள்ளும்.

நகர இடம் இல்லாவிட்டால்? ஒரு பக்கம் ஏறும் கடல், மறுபக்கம் சுவர். நடுவில் சதுப்பு ஒடுங்கி ஒடுங்கிக் கடைசியில் காணாமல் போகும். இதைக் கரையோர நெரிப்பு என்கிறோம். கோயில் திருவிழாக் கூட்டத்தில் சுவரோரம் மாட்டிக்கொண்டவரின் நிலைமை. கடலுக்கு ஒட்டியே சுவர் கட்டுகிற திட்டங்கள், சுவருக்கு முன்னால் சதுப்பையும் நட்டுத் தருவதாகச் சொன்னால், கடலுக்கும் சுவருக்கும் இடையில் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் மெட்மெரி என்ற இடத்தில் இதற்கு மாறாகச் செய்தார்கள். ஆண்டுதோறும் கூழாங்கல்லை அள்ளிக் கொட்டிக் காப்பாற்றிவந்த கடலோரத் தடுப்பை 2013இல் தாங்களே உடைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, உள்ளே தள்ளிப் புதிய மண்கரை ஒன்றைக் கட்டியிருந்தார்கள். நடுவில் கடல் புகுந்து இப்போது சதுப்பு உருவாகியிருக்கிறது. பெரியப்பாவின் கேள்விக்கு நான் கண்ட பதில்களில் கிட்டத்தட்ட நெருங்கி வருவது இதுதான்: கடலுக்குக் கோடி வைக்க முடியாது, ஆனால் அது வந்து ஓய்ந்து திரும்பக் கொஞ்சம் தரையை விட்டுவைக்கலாம். அந்தத் தரை யாருடையது, அவருக்கு என்ன நஷ்டஈடு என்பதுதான் கஷ்டமான பகுதி. எண்ணூர் போன்ற இடத்தில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே மீனவர் குடியிருப்பு நெருக்கியடித்து நிற்கும்போது, ‘உள்ளே தள்ளிக் கட்டுங்கள்’ என்று வேலூரில் உட்கார்ந்து எழுதுவது சுலபம்.

கருங்கல் சுவரைப் பற்றியும் இரண்டு வரி. மண்கரையும் அதுவும் ஒன்று இல்லை. கல்லில் மோதிய அலை திரும்பிப்போகும்போது காலடி மணலையும் அள்ளிக்கொண்டு போகும். கடலுக்குள் நீட்டிக் கல் போடும் தூண்டில் வளைவு, ஒரு பக்கம் மணலைச் சேர்த்து மறுபக்கத்தைப் பட்டினி போடும். புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டியபின் நகரத்துக் கடற்கரை மணல் காணாமல் போனது இந்த வகைக் கதைதான்.

மீட்பது என்றால் நடுவது மட்டுமா?

செய்தித்தாளில் ‘10,000 அலையாத்திக் கன்றுகள் நடப்பட்டன’ என்று படம் வரும். சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். நல்ல காரியம்தான், ஆனால் கன்று முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று கேட்டால் தண்ணீர்தான்.

பிச்சாவரத்தில் பழைய காலத்தில் மரத்தை மொத்தமாக வெட்டியபோது, வெறுந்தரை வெயிலில் காய்ந்து அமுங்கித் தட்டு போலக் குழிந்தது. ஓத நீர் உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லை. தேங்கி ஆவியாகி உப்பு ஏறியது. அந்த உப்பில் எந்தக் கன்றும் பிழைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டினார்கள்: நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு குறைந்தது. அதன் பிறகு நட்டது பிழைத்தது. வாய்க்கால் தூர்ந்தால் மறுபடியும் பழைய கதைதான். குடிமராமத்து என்று நாம் சொல்வது அங்கேயும் வேண்டும்.

சான்பிரான்சிஸ்கோவில் பழைய உப்பளக் கரைகளை உடைத்துக் கடலை உள்ளே விடுகிறார்கள். சுமார் 15,000 ஏக்கர்; 2003இல் அரசு வாங்கியது. பல இடங்களில் உப்பளத்தின் தரை முன்பே தாழ்ந்துவிட்டதால், புல் முளைக்கும் உயரத்துக்கு வண்டல் நிரம்பும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இருபது ஆண்டு தாண்டியும் வேலை நடக்கிறது.

நினைவில் கொள்ள: சதுப்பு மீட்பு என்றால் ஓதத்துக்கு வழி, போதுமான வண்டல், நகர இடம். இவை மூன்றும் இருந்தால் செடி பெரும்பாலும் தானே வரும்.

பாலாற்று மண்ணுக்கு இதில் என்ன பங்கு?

அந்த வண்டல் எங்கிருந்து வருகிறது? மேட்டிலிருந்து, நம்மிடமிருந்து.

நந்தி மலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை வழியாகப் போகும் பாலாறு, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் அருகே கடலில் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அது வெறும் மணல். 2021 நவம்பரில் அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் போனபோது பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தச் செம்மண் நிறம் மறக்காது. அந்த நிறம்தான் வண்டல். அதன் அடியில் உருண்டு போவது மணல். வண்டல் சதுப்புக்கும் சேற்று நிலத்துக்கும் தீனி. மணல் கடற்கரைக்குத் தீனி. நம் கிழக்குக் கடலோரத்தில் அலைகள் ஆண்டுக் கணக்கில் மணலை வடக்கு நோக்கியே நகர்த்துகின்றன. ஆக, பாலாறு கடலில் கொட்டும் மணல் மாமல்லபுரத்துப் பக்கமாகத்தான் போகும். அதை வழியிலேயே லாரியில் ஏற்றிவிட்டால் கடற்கரைக்கு என்ன மிஞ்சும் என்பதை விளக்க வேண்டியதில்லை. காவிரியிலும் இதே கணக்குதான்: 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரத்துக்கு அவ்வளவு குறைவு.

இதற்காக ஏரியையும் அணையையும் குறை சொல்ல முடியாது. 1858இல் கட்டிய பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் திரும்பிய தண்ணீரில்தான் எங்கள் தாத்தா நெல் விளைவித்தார். அந்தத் தண்ணீரோடு வந்து ஏரியில் படிந்த வண்டலைக் கோடையில் அள்ளி வயலுக்கு அடித்தார்கள், இப்போதும் அடிக்கிறார்கள். இதைக் கேட்ட பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்போ கடலோட பங்கைத்தான் நாம வேர்க்கடலைக்குப் போட்டுக்கிட்டிருந்தோமா?” என்று சிரித்தார்.

சித்தி மகன் இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் தரகரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தத் தெருவில் விழும் மழைத் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகும், கடல் உயர்ந்து நிற்கிற அன்றைக்கு அது எங்கே போகும் என்று கேட்டிருக்கிறான். தரகர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “மாடிப் போர்ஷன் ஒண்ணு இருக்கு சார்” என்றாராம்.